பல் இடுக்கில் ஒரு புள்ளி

"என்னம்மா இது? இதை வெட்டினவன் பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு வேலைக்கு வந்திருப்பான் போலிருக்கே!"

ரேண்டல் சொன்னதும் கையெழுத்து வாங்க வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கிழவி வெர்னா பேஸ்பால் கார்டின் மேல் கைக்குட்டையை மறுபடி மடித்து மூடினாள். அந்தக் காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டுக்குள் வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை. படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரம் இடப்பக்கம் நூலாய் இளைத்து, வலப்பக்கம் பருத்திருந்தது. மூலைகள் மழுங்கிப்போயிருந்தன. உச்சியில் ஓர் ஊசித் துளை.

"கோவிச்சுக்காதீங்க. கார்டுன்னா எப்படி இருக்கணும்னு பாருங்க."

ரேண்டல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தன் பெட்டியைத் திறந்தான்.

அதே கார்டு. அதே ஆட்டக்காரர், டெல்மர் ஹாக்ஸ்பி. பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்து, மேலே பத்துக்கு ஒன்பது என்று தர மதிப்பெண் போட்டிருந்தது.

"எதிரெதிர் ஓரம் ரெண்டும் ஒரே அகலம். அளந்து பாக்கறீங்களா? ஸ்கேல் வச்சிருக்கேன்."

"வேண்டாம்ப்பா. இவர் எப்படி ஆடுவார்னு தெரியுமா உனக்கு?"

"அது எனக்கெதுக்கு? ஏதோ ஒரு சீசன் ஆடினாராம். இவர் படத்தைப் பெரிய தாளோட மூலையில அச்சடிச்சிட்டாங்க. அதனால எல்லாமே கோணலா வெட்டுப்பட்டுப் போச்சு. படம் நடுவுல வந்த கார்டு கிடைக்கிறதே அபூர்வம். மதிப்பு மனுஷனுக்கு இல்லம்மா, ஓரத்துக்கு!"

ஓஹாயோவில் கார்டு சந்தை கூடும் மண்டபங்களில் ரேண்டலைத் தெரியாதவர்கள் இல்லை. காப்பிக் கோப்பையோடு எவரும் அவன் அருகே போய்விடக் கூடாது. சொந்தத் தங்கையின் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிட்டாரே" என்று வருத்தப்பட்டவன் அவன்.

வரிசை நகர்ந்தது.

கையெழுத்து மேசைக்குப் பின்னால் டெல்மர் ஹாக்ஸ்பி உட்கார்ந்திருந்தார். எண்பதை எட்டப்போகும் வயது. வெர்னாவைக் கண்டதும் பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வா வெர்னா. இந்த வருஷமும் வரிசையில நின்னியா? நேரா வர வேண்டியதுதானே."

"எல்லாரும் நிக்கறாங்களே" என்றபடி உட்கார்ந்தாள்.

பழைய காதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ரேண்டல். அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"சார், எனக்குக் கையெழுத்து வேண்டாம். வேற ஒரு உதவி வேணும்." கார்டை மேசையில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியையும் நீட்டினான். "உங்க முன்பல் ரெண்டுக்கும் நடுவுல பாருங்க. கறுப்பா ஒரு புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

"தரம் பாக்கறவங்க அதை அச்சுப் பிழைன்னு சொல்லி ஒரு மார்க்கைக் குறைச்சிட்டாங்க. இல்லேன்னா பத்துக்குப் பத்து! இந்தக் கார்டுல பத்து வாங்கினவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்னு ஆயிடும். இதை நினைச்சு நினைச்சுத் தூக்கமே போச்சு சார்."

"அதுக்கு நான் என்ன செய்யணும் தம்பி?"

"அது பிழை இல்ல, பல் சந்து. கூர்ந்து பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன். நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்தா, திருப்பி அனுப்பி மார்க்கை மாத்தி வாங்கிடுவேன்."

டெல்மர் சிரித்துவிட்டார். அவர் பற்கள் தோளோடு தோள் உரசி நெருக்கமாக நின்றன.

"அப்புறமா பல்லு கட்டிக்கிட்டீங்களா சார்? நல்லா அடைச்சிருக்காங்க."

"இந்த வயசுல பல்லு இருக்கறதே பெரிசு தம்பி."

பேனாவை எடுத்தவர், தயங்கி வெர்னாவைப் பார்த்தார்.

"எழுதிக் குடுங்க. உண்மைதானே" என்றாள் அவள்.

டெல்மர் பூதக்கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, வெறும் கண்ணால் கார்டையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: 'இந்தப் படத்தில் இருப்பது அச்சுப் பிழை அல்ல. அந்தப் பல் சந்து உண்மையாகவே இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும்.'

"அப்படியே ஒரு போட்டோ சார், அத்தாட்சிக்கு!"

ரேண்டல் கார்டை அவர் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, கைபேசியில் எடுத்தான். முகமும் கார்டும் சரியாக நடுவில் விழவில்லை. மறுபடி எடுத்தான். அதிலும் திருப்தியில்லாமல் இன்னொரு தடவை.

போகும்போது வெர்னாவிடம் குனிந்து, "நீங்களும் ஒரு நல்ல கார்டா வாங்கி வச்சுக்குங்கம்மா. அந்த ஊசித் துளையைப் பாத்தாலே வயிறு எரியுது" என்றான்.

அவன் கூட்டத்தில் மறைந்தான்.

வெர்னா கைக்குட்டையைப் பிரித்தாள். "எங்கம்மா அடுப்புக்கு மேல குத்தி வச்ச ஊசி. முட்டை பொரிக்கும்போதெல்லாம் இதுகிட்ட பேசிக்கிட்டே இருப்பாங்க."

"நாலு ஓரத்தையும் அளந்துட்டான், வெர்னா. பூதக்கண்ணாடி வேற!" டெல்மருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் முகத்துல கொண்டாந்து ஒட்டி வச்சே படம் எடுத்தான், பாத்தியா?"

அவளும் சிரித்துவிட்டாள். அவள் முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது.

"ஆனா டெல்மர், உங்க முகம் ஒரு கார்டுல கூட வராமலே போயிடுச்சே."

"ஒரு சீசன் ஆடினவன் முகத்தை யாரு தேடப்போறாங்க?"

"டீம்ல சேத்துக்க மாட்டோம்னு எங்கண்ணனை அன்னிக்குக் காலையிலதான் வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. போட்டோக்காரன் வந்தப்போ நீங்க உங்க நம்பர் போட்ட சட்டையைக் கழட்டி அண்ணனுக்கு மாட்டி நிக்க வைக்கலேன்னா, எங்கம்மா அந்த அடுப்படியில யாரோட பேசியிருப்பாங்க?"