வார்த்தைக்கு ஒரு மக்ரூன்

மக்ரூன் பொட்டலத்தோடு சுஜிதா மில்லர்புரத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, தொண்ணூறு தாண்டிய அவளுடைய மாணவி சாய்வு நாற்காலியில் காத்திருந்தார்.

“டீச்சர், கடலுக்கு பிரெஞ்சுல என்ன?”

“லா மேர்.”

“லா... மேர்.” கண்ணை மூடிச் சொன்னார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. “கூப்பிட்டதும் கடல் பதில் சொல்லுது, பாத்தீங்களா!”

சுஜிதா ஒரு மக்ரூனை அவர் வாயில் வைத்தாள். முந்திரி வாசத்தோடு அது கரைந்தது.

“வார்த்தைக்கு ஒரு மக்ரூனா! உங்களுக்கு யாரு இப்படிச் சொல்லித்தந்தது?”

“எங்க காலேஜ் மேடம். ஒரு வார்த்தை வராம அழுத என்னை, மக்ரூனைக் குடுத்துக் குடுத்தே பாரிஸ் வரைக்கும் அனுப்பிட்டாங்க.”

மாடியிலிருந்து பாட்டு மிதந்து வந்தது.

“அங்கன யாரு பாடுதா?”

“நாடகப் பிள்ளைங்க. ஒத்திகைக்கு அந்த மேடம்தான் இடம் குடுத்திருக்காங்க. எத்தனையோ பேரை மேடை ஏத்துனவங்க.”

“நல்ல மனுஷி. இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“பார்த்தா, நான் நல்லாப் படிக்கேன்னு அவங்ககிட்ட சொல்லுவீங்களா?” கேட்டுவிட்டுச் சிரித்தார்.

சுவரில் ஓர் ஓவியம். கரும்பலகை முன்னால், இதே சிரிப்போடு, ‘பிரெஞ்சுப் பேராசிரியர் ஈவாஞ்சலின்’. பெயரையும் மொழியையும் கொண்டுபோன மறதி, அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது.

சுஜிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பவே சொல்லுதேன், மேடம். நீங்க நல்லாப் படிக்கீங்க.”