இருநூற்றம்பது வோல்ற்

"மாமா, என்ர கமராவில அந்தப் பிளாஷை மாட்ட விடமாட்டன். முடிவாச் சொல்லிப்போட்டன்!"

மருமகன் கிறிஸ்ரி இப்படிச் சொன்னதும் சில்வெஸ்ரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பேரனுக்கு ஞானஸ்நானம். நாரந்தனைக் கோயிலுக்குள்ளே மழை இருட்டு, கரண்டும் இல்லை. கமராவோடு கூடிவந்த குட்டிப் பிளாஷ் மெழுகுதிரிக்கே போட்டியாகாது. இந்த நேரத்திலும் ஒருவன் பிள்ளையைப் பார்ப்பானா, கமராவைப் பார்ப்பானா?

"பிரான்சில இருந்து அக்கா அனுப்பின சாமானெண்டு பொத்திப் பொத்தி வைச்சிரும். பிள்ளை வளந்து படம் கேட்டா, இருட்டை எடுத்துக் காட்டும்!"

"அதில்லை மாமா. உது பழைய காலத்துப் பிளாஷ். கமராவில முட்டுற இடத்தில இருநூற்றம்பது வோல்ற் நிக்கும். பிலிம் கமராவுக்குள்ள வெறும் தகடுதான், அது தாங்கும். டிஜிற்றலுக்குள்ள இருக்கிறது மூளை. ஒரு அடியில கருகிப் போயிடும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"கமராவை ஸ்ராண்டில வைச்சு, ரெண்டு செக்கன் திறந்து விடவேணும். அந்த நேரத்துக்குள்ள பக்கத்தில நிக்கிற ஆள் பிளாஷைக் கையால அமத்தவேணும். நடுவில வயரும் இல்லை, ஆபத்தும் இல்லை. நான் மெழுகுதிரியோட நிக்கவேணும். அதால கமரா நீங்கள். பிளாஷ்..."

கிறிஸ்ரி முடிக்கவில்லை. பிளாஷ், சில்வெஸ்ரரின் அண்ணன் எமிலியானுசுடையது. ஊர்காவற்றுறையில் ஒருகாலம் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். அந்தப் பிளாஷைப் பெண்சாதியைக்கூடத் தொட விடமாட்டார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வருசக்கணக்காகப் பேச்சில்லை. காணிச் சண்டை என்றால் ஊர் மதித்திருக்கும். இது கூத்துச் சண்டை. பெருநாள் கூத்தில் தம்பி ராசா, அண்ணன் மந்திரி. ராசா பாட்டை முடிக்கமுன்னம் மந்திரி மேடைக்குள் பாய்ந்துவிட்டார். "நீ இழுத்த இழுவையில சனம் நித்திரை" என்றார் மந்திரி. "உமக்கு ராசாவேசம் கிடைக்காத எரிச்சல்" என்றார் ராசா. அன்றைக்கு மூடின வாய்கள்தான். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இப்படி ஒரு வீம்பு!

"அவர் எப்ப அமத்துவாரெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?" என்றார் சில்வெஸ்ரர்.

"நீங்கள் உரத்து எண்ணுங்கோ மாமா. மூண்டு எண்டேக்க நீங்களும் அமத்துங்கோ, அவரும் அமத்துவார்."

"நான் கமராவைப் பாத்துத்தான் எண்ணுவன். ஆருக்கும் கேட்டா கேக்கட்டும்."

கோயிலில் எமிலியானுஸ் பிளாஷை நெஞ்சோடு அணைத்தபடி தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தலையில மூண்டு தரம் தண்ணி ஊத்துவன்" என்றார் சுவாமியார். "அதுக்குள்ள எடுத்தாச் சரி. பிள்ளையை நான் திரும்ப நனைக்க ஏலாது."

சில்வெஸ்ரர் தொண்டையைச் செருமினார். "ஒண்டு... ரெண்டு..."

பளிச்! கமரா திறக்கவேயில்லை. படத்தில் கறுப்பு மட்டும். பிள்ளை வீரிட்டது.

இரண்டாம் தரம் தண்ணீர். "ஒண்டு... ரெண்டு... மூ..."

பளிச்! மறுபடியும் கறுப்பு.

இனி ஒரேயொரு தரம்தான். பேரனுக்கு ஒரு படம்கூட மிஞ்சாமல் போகப்போகிறதே! சில்வெஸ்ரர் தன்னை மறந்து கத்திவிட்டார்.

"அண்ணை! நான் முடிக்கமுன்னம் பாயிற வேலையை இன்னும் விடேல்லையே?"

"நீ மூண்டு சொல்லி முடிக்க விடிஞ்சுபோமடா! அண்டைக்கும் இப்பிடித்தான் இழுத்தனி!"

சில்வெஸ்ரரின் மனைவி சூசையம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அண்ணன் சிரித்தார், தம்பி சிரித்தார், சுவாமியாரின் கையிலிருந்த தண்ணீர்கூடத் தளும்பியது.

"சரியடா, ரெண்டுபேரும் சேந்து எண்ணுவம்" என்றார் எமிலியானுஸ்.

இரண்டு கிழவர்களும் கூத்து மேடையில் நிற்பதுபோல உச்சக்குரலில் கத்தினார்கள். "ஒண்டு! ரெண்டு! மூண்டு!"

பளிச்!

படத்தில் சுவாமியாருக்குக் கண் மூடியிருந்தது, பிள்ளைக்கு வாய் திறந்திருந்தது. ஆனால் எல்லோரும் இருந்தார்கள்.

வீட்டில் விருந்து. அண்ணனும் தம்பியும் ஒரே வாங்கில் இருந்து, "மூண்டு" என்பதை எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்று சாப்பாடு ஆற ஆற வாதாடினார்கள். அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் நண்டுக்கறி எடுக்க சில்வெஸ்ரர் குசினிப் பக்கம் போனார். போகும் வழியில் அறைக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் அடித்தது.

எட்டிப் பார்த்தார். கிறிஸ்ரி பெண்சாதியையும் பிள்ளையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய கமராவின் தலையிலேயே அந்தப் பழைய பிளாஷ் குந்தியிருந்தது.

"ஐயோ மருமோன், எரியப்போகுது! கழட்டும், கழட்டும்!"

கிறிஸ்ரி திடுக்கிட்டுத் திரும்பினான். முகம் அசடு வழிந்தது.

"எரியாது மாமா. சில பழைய பிளாஷ்தான் அப்பிடி. இதை நேற்றே மீற்றர் வைச்சுப் பாத்தனான். ஆறு வோல்ற்தான்."

"அப்ப ஏன் காணும் இருநூற்றம்பது எண்டு புளுகினீர்?"

"நான் அம்பது எண்டுதான் சொல்ல இருந்தனான் மாமா. பெரியமாமாதான் விடேல்லை. 'இருநூற்றம்பது எண்டு சொல்லும் மருமோன், அதுக்குக் குறைஞ்சா அவன் என்னோட கதைக்கமாட்டான்' எண்டவர்."