கிருமியம்மாவும் சிடுமூஞ்சியும்

"அங்கேயே நில்லுங்க. ஒரு அடி உள்ளே வரக் கூடாது."

கோழிச் சந்தையின் கடைசிக் கடைக்காரர் துடைப்பக்கட்டையைக் குறுக்கே நீட்டி அவளை வழிமறித்தார். சந்தையில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவளோ கிருமி ஆராய்ச்சிக்காரி. சந்தை அவளையும் விட்டுவைக்கவில்லை, கிருமியம்மா என்று பெயர் சூட்டியிருந்தது.

மற்ற கடைகளில் அவளுக்கு ராஜ மரியாதை. "வாங்கக்கா, நல்லா உள்ளே வந்து எடுங்கக்கா" என்று கூண்டையே திறந்துவிட்டார்கள். அவளும் முகமூடி, கையுறை சகிதம் தலையை உள்ளே விட்டு, பஞ்சுக் குச்சியால் எச்சத்தையும் தண்ணீர்த் தட்டையும் தடவி எடுத்தாள். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி எந்தக் கடையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கடை விட்டுப்போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

"இப்படித் தடுத்தா உங்க மேலதான் சந்தேகம் வரும்ணே. கோழிக்கு வைக்கிற தண்ணியில மருந்து கலக்கறீங்களா?"

"கலந்துக்கிட்டுதான் இருந்தேன். போன மாசம் சந்தைக் கூட்டத்துல, மருந்து கலந்தா கிருமி அதுக்குப் பழகிடும்னு நீங்க மைக் பிடிச்சுப் பேசினீங்களே, அன்னிக்கே நிறுத்திட்டேன்."

இதை நம்ப அவள் என்ன பச்சைக் குழந்தையா?

"அப்போ உள்ளே விட என்ன பயம்?"

"குச்சியைக் குடுங்க. எங்கே தடவணும்னு அங்கிருந்தே சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"நீங்க சுவத்துல தடவித் தந்தா?"

"நின்னு பாருங்க. கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

வேறு வழியில்லை. இந்த மாதம் புதிதாக வாங்கிய தொளதொள வெள்ளை அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, "தட்டோட ஓரம்... இன்னும் கொஞ்சம் கீழே..." என்று வெளியிலிருந்தே சொன்னாள்.

மனுஷன் சொன்னபடியே தடவி, குச்சியைக் குழாயில் போட்டு மூடி, வெளியே இருந்த முக்காலியில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். பக்கத்துக் கடைகளில் ஒரே சிரிப்பு. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"மத்தவங்க எல்லாம் எவ்வளவு அன்பா உள்ளே விட்டாங்க. நீங்க மட்டும் எதையோ மறைக்கறீங்கண்ணே."

சிடுமூஞ்சி சிரித்தே விட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மறைக்கறது நானாம்மா? நாலு புள்ளைக்கு அப்பன் நான், அந்த அங்கியெல்லாம் என்கிட்ட செல்லாது. வயித்துல புள்ளையோட இருக்கறவங்க கூண்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு அன்னிக்கு மைக்குல சொன்னது யாரு?"