மஞ்சள் அம்பு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறின் ஆகஸ்டு, ஆஸ்திரேலியாவில் பனிக்காலம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பார்த்தசாரதி குந்தியிருக்கிறான். காற்றில் படபடக்கும் வரைபடத்தைத் தொடையில் அமுக்கிக்கொண்டு, ஓடையோரக் கோட்டின்மேல் விரலை ஓட்டுகிறான். “ஜனவரியில நடந்த வழிதானே, கலா. கொஞ்ச தூரத்துல மரப்பாலம் வந்துடும்.” அவன் மனைவி சந்திரகலா காலில் பூட்டிய பனிச்சறுக்குக் கட்டைகளை முன்னும் பின்னும் தேய்த்தபடியே இருக்கிறாள். சாம்பல் வெளிச்சத்தில் யூகலிப்டஸ் கிளைகள் கிறீச்சிடுகின்றன. வழிகாட்டும் மஞ்சள் அம்பு ஒரு மரத்தில் அவள் முழங்காலளவில் தெரிகிறது. ஜனவரிக் கோடையில் அதை எக்கித்தான் தொட்டாள். “மேட்டு வழியாவே போயிடலாங்க.” “அது சுத்து. மெல்பர்ன் திரும்ப இருட்டிடும்.” அவள் ஊன்றுகோலைப் பனியில் குத்துகிறாள். அது கைப்பிடிவரை இறங்கி, அடியில் புதைந்திருக்கும் மரப்பலகையில் டொக்கென்று இடிக்கிறது. அந்தத் துளை வழியே, அவள் காலுக்கடியில் ஓடை ஓடும் சத்தம் மேலே வருகிறது. அவள் கால்கள் அசையாமல் நிற்கின்றன.