மாமியின் முகம்

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இது மஃப்ளர் மாமாவே இல்ல" என்றாள் ஷ்ருதி.

சேஷன் மேசைமேல் விரித்திருந்த தன் படத்தை எட்டிப் பார்த்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் அகல் விளக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"என்னம்மா குறை?"

"மூக்கு! மாமா மெட்ரோவுல ஏறினா மூக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கிடும். நீங்க சினிமா ஹீரோ மூக்கு வச்சிருக்கீங்க."

கௌஷிக் சிரித்தான். "அரே, தொந்தியும் காணோம். மாமா எந்த ஜிம் போறாரு அங்கிள்?"

"கொஞ்சம் கௌரவமா இருக்கட்டுமேன்னு..."

"மாமாவுக்கு ஏது அங்கிள் கௌரவம்? ஃபேன் போட்டாலே மஃப்ளர் தேடுற ஆளு!"

சேஷனும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது.

டெல்லி முனிர்காவில் ஒரு தோசைக் கடையின் மாடி அது. 'மஃப்ளர் மாமா' இணையத்தில் வாராவாரம் வந்த சித்திரத் தொடர். ரிட்டையரான ஓர் அரசாங்க அதிகாரியையும், அவரை ஓயாமல் கிண்டல் செய்யும் மாமியையும் வைத்து, பெயர் போட்டுக்கொள்ளாத யாரோ டெல்லியிலிருந்து வரைந்தது. ஹோலிக்குப் பிறகு புதுப் படமே வரவில்லை. தீபாவளிக்கும் வராதுபோல் தெரிந்ததும், ரசிகர்களே ஆளுக்கொரு தீபாவளிப் படம் வரைந்து ஆல்பமாகப் போடுவதென்று ஷ்ருதி ஏற்பாடு செய்தாள்.

கூடியிருந்தவர்களில் சேஷன் ஒருவருக்குத்தான் தலை நரைத்திருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதைத் தவிர அவர் வாழ்நாளில் எதையும் வரைந்ததில்லை. அதைப் படமே சொன்னது.

"மூக்கைப் பெரிசாக்கிடறேன். தொந்தியும் போட்டுடறேன். படம் மட்டும் ஆல்பத்துல வந்துடணும்மா" என்றார்.

"பிரச்சினை மாமி, அங்கிள். தொடர்ல மாமி எப்பவும் முதுகைக் காட்டித்தான் நிப்பாங்க. கொண்டையும் கரண்டியும் மட்டும்தான் தெரியும். நீங்க நேரா முகத்தையே போட்டுட்டீங்க. அதுல தெத்துப்பல் வேற! யாருமே பார்க்காத முகத்தை நீங்களா எப்படி முடிவு பண்ணலாம்?"

"சிம்பிள் அங்கிள். மாமியைத் திருப்பி நிக்க வச்சிடுங்க. ஜல்தி." கௌஷிக் ரப்பரை நீட்டினான்.

சேஷன் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மாமாவை என்ன வேணா பண்ணிக்கோ. கழுதையா வேணும்னாலும் மாத்திக்கோ. இந்த முகத்துல கை வைக்கப்படாது."

"அப்போ சாரி அங்கிள். சேர்க்க முடியாது."

சேஷன் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "தொடரை வரைஞ்சவாளையே கேட்டுப் பாரேன். அவா வேண்டாம்னா நான் பேசாம எடுத்துண்டு போயிடறேன்" என்றார்.

"ஹோலியிலேருந்து அவங்க யாருக்குமே பதில் போடல."

"கேட்டுத்தான் பாரேன்."

வயதானவர் மனம் நோகக்கூடாதே என்று ஷ்ருதி படத்தை போட்டோ எடுத்துத் தொடரின் பக்கத்துக்கு அனுப்பினாள். 'மாமிக்கு இந்த முகம் ஓகேவா?'

"செருப்பு கழண்டுடுத்து" என்று முனகியபடி சேஷன் மேசைக்கு அடியில் குனிந்தார்.

"ஏய்! டைப்பிங்னு வருது!" ஷ்ருதி கத்திய கத்தலில் மாடி மொத்தமும் அவளைச் சுற்றிக்கொண்டது.

"இவ்ளோ நேரமா என்ன டைப் பண்றாங்க? நாவலா?"

"அழிச்சு அழிச்சு அடிக்கிறாங்கப்பா. ஒத்த விரல் பார்ட்டி போல."

"அங்கிள், செருப்பு கிடைச்சுதா?"

"இதோ, ஆச்சு."

பதில் வந்தது. ஷ்ருதி உரக்கப் படித்தாள். "'நான் இப்படித்தான் இருப்பேன். கொஞ்சம் ஒல்லியாக வேறு காட்டியிருக்கிறார். படத்தைச் சேர்த்துவிடு.'"

"மாமிதான் ஆர்ட்டிஸ்ட்! மாமி திரும்பி வந்துட்டாங்க!" என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். எல்லோருக்கும் ஜிலேபி சொல்ல கௌஷிக் கீழே ஓடினான்.

செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன. ஹோலி முடிந்த வாரம் இறந்துபோன தன் மனைவி ருக்குவின் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சேஷன் மெல்ல நிமிர்ந்தார்.