பாறை இருக்கும் ஊர்

கிராமங்களுக்கு பிராட்பேண்ட் கேபிள் போட அரசு நிதி வந்திருந்தது. ஊர் ஊராக மளமளவென்று கையெழுத்துப் போட்டுவந்த அதிகாரி, பட்டியலில் கடைசி ஊரின் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"அங்க அடியெல்லாம் பாறை. தோண்ட முடியாது."

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க சார்," என்றார் இன்ஜினியர். "நேத்து நானே போய்த் தோண்டிப் பார்த்துட்டேன். மண்வெட்டி வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குது."

வேறு வழியில்லாமல், அதிகாரி வேண்டா வெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார்.

கேபிள் அந்த ஊரை எட்டிய அன்று அதிகாரி வீடு திரும்பியபோது, வாசலிலேயே அவர் மனைவி வாயெல்லாம் பல்லாக நின்றாள். பக்கத்தில் பெரிய சூட்கேஸ்.

"எங்க அம்மா வீட்டுக்கு நெட் வந்துடுச்சுங்க. இனிமே, 'அங்க நெட் இல்ல, ஆபீஸ் வேலை ஓடாது'ன்னு போன அன்னிக்கே நீங்க கிளம்ப வேண்டியதில்ல. லேப்டாப்பையும் எடுத்து வச்சிட்டேன். பத்து நாள் இருந்துட்டு வரலாம்."