தொட்டுப் பார்த்த கடல் சாமந்தி

பூப்போல விரியும் கடற்பிராணியான கடல் சாமந்தி ஒன்றே இரண்டாகப் பிளந்து, நாலாகப் பிளந்து, பாறை முழுக்கப் பெருகியிருந்தது. யார் நெருங்கினாலும் அவை விரல் போன்ற கொடுக்கால் தொட்டுப் பார்க்கும். உடம்பில் சொந்தக் கூட்டத்தின் கோழை இருந்தால் விட்டுவிடும். வேற்றாள் என்றால் கொட்டியே கொன்றுவிடும்.

ஒரு நாள் ஓரத்துச் சாமந்தி அசந்திருந்த நேரம், ஓடில்லாத நத்தையொன்று அதைத் தின்றுவிட்டது. எதிர்ப்பாறைச் சாமந்தி பதறியது.

"அண்ணே, உங்காளைத் தின்ன நத்தை உங்ககிட்டதான் வருது! கொட்டுங்க!"

"நீ யாருடா எனக்குச் சொல்ல? வேத்துப் பாறைக்காரன் பேச்சை நாங்க கேக்குறதில்ல," என்றது செத்ததற்கு அடுத்திருந்த சாமந்தி.

செத்த சாமந்தியின் வழவழப்பான கோழையை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நத்தை வந்து நின்றது. சாமந்தி தொட்டுப் பார்த்தது. கொடுக்கை மடக்கிக்கொண்டது.

"அட, நம்மாளு! பக்கத்துல வாங்க."